களரும் உவரும்

திருமணம் முடிந்து மணமக்கள் வீட்டு வாயிலுக்கு வந்தவுடன் ஆரத்தி எடுப்பது நம்மவர் வழக்கம். தட்டிலே நீரை ஊற்றி, மஞ்சள்தூளைக் கரைத்து, அதிலே சிறிது சுண்ணாம்பைச் சேர்க்கிறார்கள். அதுவரை மஞ்சளாக இருந்த நீர் நொடிப்பொழுதில் செக்கச் செவேலென்று ஆகிவிடுகிறது. பலமுறை கண்ட காட்சியாதலால் நாம் அதில் வியப்பொன்றும் கொள்வதில்லை. ஆயினும் அந்தத் தட்டு ஒரு சிறிய ஆய்வுக்கூடம். ஐயமிருந்தால் அந்தச் சிவந்த நீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் மீளும். மறுபடியும் சுண்ணாம்பைச் சேர்த்தால் மறுபடியும் சிவக்கும்.

எலுமிச்சையிலே உள்ளது அமிலம். சுண்ணாம்பிலே உள்ளது காரம். மிளகாயின் உறைப்பையும் நாம் காரம் என்கிறோம். அது வேறு, இது வேறு. வேதியியலார் கூறும் காரம் நாவுக்குக் கசப்பது, விரல்களுக்கிடையே வழுக்குவது. சவர்க்காரம் என்னும் சொல்லில் ஒட்டியிருப்பது இந்தக் காரமே. அமிலத்தில் மஞ்சளாகவும் காரத்தில் சிவப்பாகவும் தோன்றி, எதிரே இருப்பது இன்னது என்று காட்டிக்கொடுக்கும் நிறங்காட்டியாக மஞ்சள் பயன்படுகிறது.

நேயர்களே, இந்த ஆரத்தித் தட்டிலிருந்து புறப்பட்டு, எங்கள் ஊரிலுள்ள ஒரு காணி நிலத்திற்கு உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அமிலம், காரம், அயனி என்னும் மூன்று சொற்களையும் நான் கல்லூரியில் படித்தேன். அவற்றின் பொருளை அறிந்துகொண்டது அந்தக் காணியிலேதான்.

எங்கள் ஊர் வேங்கிக்கால். திருவண்ணாமலைக்கு வடக்கே, வேலூர் செல்லும் சாலையில் இருக்கிறது. 1989ஆம் ஆண்டில் வட ஆர்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டுத் திருவண்ணாமலை தனி மாவட்டத்தின் தலைநகராயிற்று. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் எங்கள் ஊரிலே அமைந்தது. அதன் பிறகு, ஏர் நடந்த வயல்களில் எல்லைக்கற்கள் முளைத்தன. மனை விலை ஏறிற்று. என் பெரியப்பாவுக்கு ஏரிக்குக் கீழே ஒரு காணி நிலம் இருந்தது. ஏரி நிரம்பிய ஆண்டில் நெல் பயிரிடுவார்; நிரம்பாத ஆண்டில் கிணற்று நீரைக்கொண்டு நிலக்கடலை போடுவார். மல்லாட்டை என்பது அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர்.

அந்த நிலம் மெல்ல மெல்லக் கெட்டது. கோடையில் மேற்பரப்பில் வெள்ளைப் பொடி பூத்தது. சிற்சில இடங்களில் எண்ணெய் சிந்தியதுபோல் கறுத்த திட்டுகள் தோன்றின. மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் நாட்கணக்கில் நின்றது. உலர்ந்தால் மண் கல்லாய் இறுகியது. நட்ட நாற்று வெளிறிக் கருகிற்று. ஊரிலே பெரியவர்கள், "உவர் பூத்துவிட்டது, நீரைக் கட்டி வடித்தால் உப்பெல்லாம் போய்விடும்" என்றார்கள். பெரியப்பாவும் இரண்டு முறை நீரைத் தேக்கி வடித்தார். வெள்ளைப் பூப்பு குறைந்தது உண்மை. ஆனால் நிலம் முன்னைவிட மோசமாயிற்று.

நான் பட்டப்படிப்பை முடித்து வீட்டுக்கு வந்தது 1992ஆம் ஆண்டில். அப்பொழுது மனைத் தரகர் ஒருவர் வாரந்தவறாமல் பெரியப்பாவின் திண்ணைக்கு வந்துகொண்டிருந்தார். பெரியப்பா என்னை அழைத்து, "நீ வேதியியல் படித்தவனாயிற்றே, தம்பி. மண்ணுக்கு என்ன நோய் என்று பார்த்துச் சொல். வழியில்லையென்றால் தை பிறந்ததும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்" என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. மஞ்சள் நீரில் தோய்த்து உலர்த்திய தாள் ஒன்றை எடுத்தேன். வயல் மண்ணைத் தூய நீரில் கலக்கி, அந்நீரைத் தாளின்மேல் விட்டேன். தாள் சிவந்தது. "மண் காரமாகிவிட்டது, பெரியப்பா. காரத்தை ஒடுக்க அமிலம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் உப்பும் நீரும் ஆகும்" என்றேன். எத்தனை குடுவை அமிலம் வேண்டும் என்று கணக்கும் போட்டுக்காட்டினேன். பெரியப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சோறு விளைகிற மண்ணில் அமிலத்தையா ஊற்றச் சொல்கிறாய்?" என்றார். நான் விடை சொல்லவில்லை.

என் கணக்கில் எங்கே குறை இருந்தது என்பதை அறிய, அயனி என்றால் என்ன என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சமையல் உப்பு சோடியமும் குளோரினும் சேர்ந்த பொருள். அதில் ஒவ்வொரு சோடியம் அணுவும் தன் எலெக்ட்ரான் ஒன்றைக் குளோரினுக்குக் கொடுத்துவிட்டிருக்கிறது. கொடுத்தது நேர்மின்னேற்றம் பெறுகிறது. வாங்கியது எதிர்மின்னேற்றம் பெறுகிறது. இவ்வாறு மின்னேற்றம் பெற்ற அணுவையோ அணுத்தொகுதியையோ அயனி என்கிறோம். உப்பு நீரில் கரையும்போது இவை ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து தனித்தனியே உலாவுகின்றன. மின்கம்பிகளை அந்நீரில் இட்டால், ஒருவகை ஒரு கம்பியை நோக்கியும் மற்றொரு வகை எதிர்க்கம்பியை நோக்கியும் செல்கின்றன. இங்கிலாந்து நாட்டு அறிஞர் மைக்கேல் ஃபாரடே 1834ஆம் ஆண்டில் இவற்றுக்கு 'அயான்' என்னும் கிரேக்கப் பெயரை வழங்கினார். 'செல்வது' என்பது அதன் பொருள். உத்தராயணம் என்னும் சொல்லில் வரும் அயனம் என்பதற்கும் செல்லுதல் என்பதே பொருள். இரண்டும் ஒரே பழைய வேரிலிருந்து கிளைத்தவை என்பர் மொழிநூலார்.

மின்சாரம் பாய்ச்சாதபோதும் நீரில் உப்பு அயனிகளாகப் பிரிந்தே இருக்கிறது என்று 1884ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு இளைஞர் ஸ்வாண்டே அரீனியஸ் எழுதினார். உப்சாலா பல்கலைக்கழகத்தார் அவருடைய ஆய்வுரைக்குத் தாழ்ந்த தரமே அளித்தனர். அதே கொள்கைக்காக 1903ஆம் ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு அவரை வந்தடைந்தது. நீரில் ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனியைத் தருவது காரம் என்பது அவர் வகுத்த இலக்கணம்.

தூய நீரிலும் இவ்விரண்டும் மிகச் சிறிதளவு உண்டு. ஏறத்தாழ 55 கோடி நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்றே இவ்வாறு பிரிந்திருக்கும். இத்தகைய நுண்ணிய அளவுகளை ஒவ்வொரு முறையும் பின்னமாக எழுதுவது தொல்லையன்றோ? 1909ஆம் ஆண்டில் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சோரன்சன் என்பவர் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். ஹைட்ரஜன் அயனிகள் லிட்டருக்கு ஒரு மோல் என்னும் அலகில் பத்தில் ஒரு பங்கு இருந்தால் 1, நூற்றில் ஒரு பங்கு இருந்தால் 2, கோடியில் ஒரு பங்கு இருந்தால் 7 என்று எண்ணிட்டார். இதுவே பி.எச். எண். தூய நீரின் எண் 7. அதற்குக் கீழே அமிலம்; அதற்கு மேலே காரம். எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் இடையில் நிற்கும். பால் 7க்குச் சற்றுக் கீழே. நம் உடலில் ஓடும் குருதி 7.4ஐ ஒட்டியே இருக்கும்; அதிலிருந்து சிறிது விலகினாலும் உயிருக்கு இடர். தெளிந்த சுண்ணாம்பு நீர் 12ஐத் தாண்டும்.

இந்த அளவுகோல் வழக்கமாக 14 வரை செல்லும். அண்ணாமலையை வலம்வரும் பாதையும் ஏறத்தாழ 14 கிலோமீட்டரே. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் இதை இப்படித்தான் நினைவூட்டுவேன். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. கிரிவலப் பாதையில் ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரே நீளம். இந்த அளவுகோலிலோ ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 7.6 என்னும் எண்ணுள்ள மண்ணுக்கும் 9.6 என்னும் எண்ணுள்ள மண்ணுக்கும் இடையே இரண்டே படிதான். அதற்குள் ஹைட்ரஜன் அயனி நூற்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது.

அமிலக் கணக்கைப் பெரியப்பா ஏற்காததால், வயலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மண் எடுத்துக் கலந்து, அரசின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தோம். அறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று பி.எச். எண், அது 9.6. மற்றொன்று மின்கடத்து திறன். அது ஒன்றுக்கும் குறைவு. அயனிகள் மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன என்று கண்டோம். ஆதலால் மண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகச் செல்கிறது என்று அளந்தால், கரைந்துள்ள உப்பு எவ்வளவு என்று தெரிந்துவிடும். இந்த அளவு மீட்டருக்கு 4 டெசிசீமனைத் தாண்டி, பி.எச். எண் 8.5க்குள் இருந்தால் அது உவர் நிலம். எங்கள் நிலத்தில் உப்பு மிகுதியாக இல்லை, பி.எச். எண்ணோ உயர்ந்திருந்தது. "இது உவர் அன்று ஐயா, களர்" என்றார் அங்கிருந்த வேளாண் அலுவலர்.

நான் என் அமிலக் கணக்கை அவரிடம் நீட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "தம்பி, நீங்கள் எண்ணைப் பார்த்தீர்கள். எந்த அயனி என்று பார்க்கவில்லையே" என்றார். பிறகு இரண்டு கண்ணாடிக் குவளைகளில் நீரை எடுத்து, எங்கள் வயல் மண்ணை ஒன்றிலும், வேறோர் ஊரிலிருந்து வந்த உவர் மண்ணை மற்றொன்றிலும் போட்டுக் கலக்கி வைத்தார். சற்று நேரத்தில் உவர் மண் அடியில் படிந்து நீர் தெளிந்தது. எங்கள் வயல் மண் கலங்கியபடியே நின்றது. மறுநாள் காலையில் சென்று பார்த்தபோதும் அது தெளியவில்லை. அவர் அதில் ஒரு சிட்டிகை ஜிப்சம் தூளைப் போட்டுக் கலக்கினார். மண் திரண்டு திரண்டு கீழே இறங்கத் தொடங்கியது. எங்கள் கண்முன்னே நீர் தெளிந்தது. பெரியப்பா அந்தக் குவளையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

அதன் காரணம் இது. களிமண்ணின் துகள்கள் மெல்லிய தகடுகள் போன்றவை, எதிர்மின்னேற்றம் உடையவை. எனவே நேர்மின்னேற்றமுள்ள அயனிகளைத் தம்மேல் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நல்ல நிலத்தில் அந்த இடத்தைப் பெரும்பாலும் கால்சியம் நிரப்பியிருக்கும். அதற்கு மின்னேற்றம் இரண்டு. தகடுகளைச் சேர்த்துக் கட்டிவைக்கும். அப்பொழுது மண் பொலபொலவென்று இருக்கும், நீர் இறங்கும், வேர் மூச்சுவிடும். களர் நிலத்தில் அந்த இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. அதற்கு மின்னேற்றம் ஒன்றே. எனவே தகடுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிச் சேறாய்க் கரைந்து, மண்ணின் நுண்துளைகளை எல்லாம் அடைத்துவிடுகின்றன. குவளையில் நீர் தெளியாததும் வயலில் நீர் இறங்காததும் ஒரே காரணத்தால்தான்.

எங்கள் பகுதியின் பாறைகள் சிதையும்போது சோடியமும் பைகார்பனேட்டும் நிலத்தடி நீரில் கலக்கின்றன. அந்நீரை ஆண்டுக்கணக்கில் இறைத்துப் பாய்ச்சி, அது வெயிலில் வற்ற வற்ற, கால்சியம் சுண்ணாம்பாய்ப் படிந்துவிடுகிறது. சோடியம் கார்பனேட் எஞ்சி நிற்கிறது. கார்பனேட் அயனி நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்ளும், ஹைட்ராக்சைடு மிஞ்சும். அதுவே என் மஞ்சள் தாளைச் சிவக்க வைத்தது. இந்தக் காரம் மண்ணின் மக்குப்பொருளையும் கரைத்து மேலே கொண்டுவந்து கறுத்த திட்டுகளாக விடுகிறது. இரும்பும் துத்தநாகமும் கரையாமல் முடங்கிவிடுவதால் நாற்று வெளிறுகிறது.

இனி, பெரியவர்கள் சொன்ன வழி ஏன் தீங்காயிற்று என்பதும் விளங்கும். உவர் நிலத்துக்கு அது சரியான மருந்து. மிகுதியான உப்பை நீர் அடித்துச் சென்றுவிடும். எங்கள் நிலத்திலும் தொடக்கத்தில் சிறிது உப்பு இருந்தது. களித்தகடுகள் முற்றிலும் கலையாமல் அந்த உப்பே ஓரளவு தடுத்துவந்தது. நல்ல நீரைக் கட்டி வடித்தபோது உப்பு போயிற்று. தகடுகளில் ஒட்டிய சோடியம் போகவில்லை. தடுப்பு நீங்கியது; நோய் முற்றியது.

ஜிப்சம் என்பது கால்சியம் சல்பேட். அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து நிலங்களில் தோண்டினால் கிடைப்பது. அது அமிலமும் அன்று, காரமும் அன்று; ஓர் உப்பு. எனினும் அது காரத்தைத் தணிக்கிறது. அதிலுள்ள கால்சியம், கார்பனேட் அயனியைப் பிடித்துக் கரையாத சுண்ணாம்பாகக் கட்டிப்போட்டுவிடுகிறது. பறிப்பவனைச் சிறையிட்டபின் களவு ஏது? எஞ்சிய கால்சியம் களித்தகடுகளில் ஏறிச் சோடியத்தை வெளியேற்றுகிறது. வெளிவந்த சோடியம் சல்பேட்டோடு சேர்ந்து நீரில் கரைந்து ஓடிவிடும். நீரைக் கட்டி வடிக்கவேண்டிய நேரம் அதுவே. சுண்ணாம்பு மிகுந்த களர் நிலங்களில் கந்தகமோ கந்தக அமிலமோ இடும் முறையும் உண்டு. அங்கும் அந்த அமிலம் மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிப்பதே பெரும்பயன். நான் போட்ட கணக்கில் கால்சியம் என்னும் பெயரே இல்லை.

மனைத் தரகரிடம் பெரியப்பா ஓராண்டு தவணை கேட்டார். கடன் வாங்கி ஏறத்தாழ ஒன்றரை டன் ஜிப்சம் வாங்கினோம். வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, உழுது, தூளைச் சீராக இறைத்தோம். நீரைக் கட்டி, சில நாட்கள் நிறுத்தி, வடிகாலில் வடித்தோம். மீண்டும் கட்டி வடித்தோம். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதோம். அது மக்கும்போது பிறக்கும் கரியமிலவாயு நீரில் கரைந்து மென்மையான அமிலமாகும். அமிலம் வேண்டும் என்று நான் சொன்னதும் முற்றிலும் வீணாகவில்லை. அதை மண்ணே தன்னுள் செய்துகொண்டது. களர் தாங்கும் கோ 43 நெல்லை நட்டோம். முதலாண்டு விளைச்சல் கடனுக்கும் போதவில்லை. தரகர் மறுபடியும் வந்தார். பெரியப்பா, "குவளையில் தெளிந்த நீர் வயலிலும் தெளிகிறதா என்று பார்த்துவிடுகிறேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். மூன்றாம் ஆண்டு நீர் இறங்கியது. பயிர் பச்சை பிடித்தது. மண்ணின் எண் 8.3 ஆயிற்று.

கிணற்று நீர் மாறாதவரை நோய் மீளக்கூடும் என்பதால், அதன் பிறகு நீர் வாய்க்கால் தலைப்பில் தொட்டி கட்டி ஜிப்சக் கட்டிகளைப் போட்டு, அவற்றின்மேல் நீரை ஓடவிட்டோம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மண்ணைச் சோதிப்பதும் வழக்கமாயிற்று.

களரை நம் முன்னோர் அறியாதவர் அல்லர். களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் ஆடை வெளுத்ததைப் புறநானூறு குறிப்பிடுகிறது. காரம் அழுக்கை அகற்றும் என்பதை அன்றே கண்டிருந்தனர். விளைச்சலுக்கு உதவாத அந்நிலத்தைத் திருக்குறள் கல்லாதவருக்கு உவமையாக்கியது. ஆனால் களரைத் திருத்தலாம் என்பதும் கல்வியைப்போலவே கைவரக்கூடியதுதான். இந்தியாவில் உவரும் களருமாக ஏறத்தாழ 67 லட்சம் ஹெக்டேர் நிலம் கணக்கிடப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் அவ்வாறு கணக்கிடப்பட்ட சுமார் 3.68 லட்சம் ஹெக்டேரில் மிகப் பெரும்பகுதி களரே.

ஆகவே, நிலத்தில் வெள்ளை பூத்தால், உடனே நீரைக் கட்டவும் வேண்டா. நிலத்தை விற்கவும் வேண்டா. ஒரு குவளை நீரில் ஒரு பிடி மண்ணைக் கலக்கி இரவு முழுதும் வைத்துப் பாருங்கள். தெளிகிறதா, கலங்கி நிற்கிறதா என்பது முதற்குறிப்பு. பிறகு பரிசோதனை நிலையத்தை நாடுங்கள். பி.எச். எண் நோயின் கடுமையைக் கூறும். எந்த அயனி என்று கேட்டால்தான் மருந்தின் பெயர் தெரியும்.

பெரியப்பா இப்பொழுது இல்லை. சுற்றிலும் வீடுகள் எழுந்துவிட்டன. சென்ற தை மாதம் அவர் பேத்தியின் திருமணத்தில் ஆரத்தி எடுத்தார்கள். தட்டில் மஞ்சள் நீர் சிவந்தபோது என் நினைவு அந்தக் காணிக்கே சென்றது. மணமக்களுக்கு அன்று பரிமாறிய சோறு அந்தக் காணியில் விளைந்த நெல்லில் ஆக்கியது.